கம்மின்ஸ் டீசல் ராம் பிக்கப்: என்வி4500, என்வி5600, ஜி56 – இழுவைக்கு எந்த மேனுவல் கியர் பாக்ஸ் தாங்கும்?

வடக்குவழி:

வணக்கம். டிரெய்லரும் அதன்மேல் மினி எக்ஸ்கவேட்டருமாகச் சேர்த்து 4,000 கிலோ அளவுக்கு இழுக்க ஒரு பழைய டாட்ஜ் ராம் 2500 பார்க்கிறேன். கம்மின்ஸ் டீசல், மேனுவல் கியர், ஃபோர் வீல் டிரைவ் என்பதில் மாற்றமில்லை. ஓட்டம் ஆல்பர்ட்டாவில்: பாதி சமதளம், பாதி ராக்கி மலை ஏற்றம். குளிர்காலத்திலும் வேலை உண்டு.

பார்த்து வைத்திருப்பவை:

1996, 5.9 லிட்டர் 12 வால்வு, என்வி4500 ஐந்து கியர்.
2001, 5.9 லிட்டர் 24 வால்வு ஹை அவுட்புட் (கூடுதல் திறன் வகை), என்வி5600 ஆறு கியர்.
2008, 6.7 லிட்டர், ஜி56 ஆறு கியர்.

விலையில் பெரிய வித்தியாசமில்லை. எஞ்சின் பற்றி ஓரளவு விசாரித்துவிட்டேன். கியர் பாக்ஸ்தான் குழப்பமாக இருக்கிறது. "என்வி4500-ல் ஐந்தாவது கியர் போய்விடும்", "என்வி5600-க்கு ஸ்பேர் கிடைக்காது", "ஜி56 அலுமினியம், தாங்காது" என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு குறை சொல்கிறார்கள். எது உண்மை, எது சரிசெய்யக்கூடியது? வாங்கும் முன் எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

பல்சக்கரம்:

மூன்றும் உண்மை, ஆனால் மூன்றும் ஒரே ரகமில்லை. என்வி4500-இன் ஐந்தாவது கியர் பிரச்சினை எங்கே வரும், ஏன் வரும் என்பது தெரிந்த கோளாறு. ஒருமுறை ஒழுங்காகச் சரிசெய்தால் தீர்ந்தது. என்வி5600-இன் குறை பாக்ஸில் இல்லை, கடையில் இருக்கிறது. ஜி56 விஷயத்தில் அலுமினியத்தைவிட ஃப்ளைவீல்தான் முதலில் கவனிக்க வேண்டியது.

முதலில் எண்களைப் பார்த்துவிடலாம். 1996 வண்டியில் மேனுவலுக்குக் கொடுத்த எஞ்சின் 215 குதிரைத்திறன், 440 பவுண்டு-அடி டார்க் (சுழற்றும் விசை), அதாவது சுமார் 597 நியூட்டன் மீட்டர். டீசலுக்கான என்வி4500-இன் தாங்குதிறனாகப் பொதுவாகச் சொல்லப்படுவது 460 பவுண்டு-அடி. அப்படியானால் கம்பெனியிலிருந்து வரும்போதே எல்லைக்குப் பக்கத்தில்தான் நிற்கிறது. 2001 ஹை அவுட்புட் 245 குதிரைத்திறன், 505 பவுண்டு-அடி. என்வி5600-க்குச் சொல்வது 550. இங்கே கொஞ்சம் இடைவெளி இருக்கிறது. 2008-இன் 6.7 லிட்டர் மேனுவலோடு வரும்போது 610 பவுண்டு-அடி. அதே எஞ்சின் ஆட்டோமேட்டிக்கோடு வந்தால் 650. மேனுவலுக்கு வேண்டுமென்றே குறைத்துக் கொடுத்திருக்கிறார்கள்.

கவனித்தால் ஒரு திருப்பம் தெரியும். 1996-இல் நிலைமை நேர்மாறு: ஆட்டோமேட்டிக் வாங்கினால் 180 குதிரைத்திறன்தான், மேனுவலுக்கு 215. அன்றைக்குப் பலவீனமானது ஆட்டோமேட்டிக். பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் எஞ்சின் டார்க் ஏறிய வேகத்துக்கு மேனுவல் ஈடுகொடுக்க முடியவில்லை. 2018 மாடலோடு ராமில் மேனுவலே நின்றபோது அதற்கு 660 பவுண்டு-அடியோடு வரம்பு கட்டியிருந்தார்கள். அதே ஆண்டு ஐசின் நிறுவனத்தின் ஆட்டோமேட்டிக்குக்கு 930.

இந்தத் தாங்குதிறன் எண்ணை ஒரு சுவர் என்று நினைக்க வேண்டாம். 460 என்றால் 461-இல் உடையும் என்று பொருளில்லை. பல்லின் அகலம், மெயின் ஷாஃப்ட்டுக்கும் (சக்தியை வெளியே கொண்டுபோகும் தண்டு) லே ஷாஃப்ட்டுக்கும் (அதற்கு இணையான துணைத் தண்டு) உள்ள மையத் தூரம், பேரிங் அளவு ஆகியவற்றை வைத்து "இந்தச் சுமையில் இத்தனை மணி நேரம் ஓடும்" என்று கணக்கிட்ட எண் அது. எனவே கேள்வி எவ்வளவு டார்க் என்பது மட்டுமில்லை. எந்த கியரில், எவ்வளவு நேரம், எந்தச் சூட்டில் என்பதும்தான்.

முதல் கியரை எடுத்துக்கொள்ளுங்கள். என்வி5600-இன் முதல் கியர் விகிதம் 5.63. 505-ஐப் பெருக்கினால் வெளியே 2,843 பவுண்டு-அடி வருகிறது. பயங்கரமான எண், ஆனால் அந்தக் கியரில் வண்டி இருப்பது சில விநாடிகள். டாப் கியருக்கு முந்தைய 1:1 நேர் கியரில் (என்வி4500-ல் நான்காவது, மற்ற இரண்டிலும் ஐந்தாவது) இன்புட் ஷாஃப்ட்டும் மெயின் ஷாஃப்ட்டும் ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ளும். சுமை எந்தப் பல்லின் வழியாகவும் போகாது. லே ஷாஃப்ட் சும்மா சுற்றும். சூடு குறைவு, தேய்மானம் குறைவு. ஓவர்டிரைவ் (நேர் கியருக்கு மேலான கடைசி கியர்) போட்டதும் சுமை முழுவதும் முன்னால் ஒரு ஜோடிப் பல்லில் இறங்கி, லே ஷாஃப்ட் வழியாகப் போய், பின்னால் இன்னொரு ஜோடியில் ஏறுகிறது. அதுவும் நெடுஞ்சாலையில் மணிக்கணக்காக. கியர் பாக்ஸ் செத்துப்போகும் இடம் அங்கேதான். முதல் கியரில் பல் உடைந்து நின்ற வண்டியைவிட, பாரத்தோடு ஓவர்டிரைவில் குறைந்த சுற்றில் ஓட்டிப் பேரிங் போன வண்டிகளே அதிகம்.

ஆறு கியருக்கு இன்னொரு சாதகம் உண்டு. என்வி4500-ல் இரண்டாவது 3.04, மூன்றாவது 1.67. 2,500 சுற்றில் மாற்றினால் எஞ்சின் 1,370-க்கு விழும். என்வி5600-ல் 3.38-இலிருந்து 2.04, விழுவது 1,510-க்கு. கம்மின்ஸ் உச்ச டார்க் தருவது 1,600-இல். மலை ஏற்றத்தில் பாரத்தோடு அந்த 140 சுற்று வித்தியாசம் மூச்சு முட்டுவதற்கும் இழுத்துக்கொண்டு போவதற்கும் நடுவில் இருக்கிறது.

என் தேர்வு 2001. பாக்ஸ் நல்ல நிலையில் இருந்தால் மட்டும்.

பட்டறைமணி:

என்வி4500 பத்தி மட்டும் நான் சொல்றேன், ஏன்னா அதைப் பத்திதான் அரைகுறையா நிறையப் பேர் பேசுறாங்க.

அஞ்சாவது கியர் பாக்ஸுக்குள்ள நடுவுல இல்ல, பின்பக்கம் கடைசியில தனியா உக்காந்திருக்கு. மெயின் ஷாஃப்ட்ல ஸ்ப்லைன் (நீளவாக்குல வெட்டின வரிப்பல்லு) மேல ஏறி, பின்னாடி ஒரு பெரிய நட்டு அதைப் பிடிச்சுக்கிட்டு இருக்கும். கம்மின்ஸ் ஆறு சிலிண்டர், கம்மிச் சுத்துல ஒவ்வொரு அடியும் பலமா விழும். அந்த அதிர்வு ஷாஃப்ட் வழியா வந்து ஸ்ப்லைனை முன்னும் பின்னும் ஆட்டிக்கிட்டே இருக்கும். பல்லு சாய்வா வெட்டினது, அதனால கியரைத் தள்ளுற விசையும் சேர்ந்துக்கும். நட்டு மெதுவா இளகும். கியர் பின்னாடி நகரும். கடைசியில ஸ்ப்லைனை விட்டு வெளிய வந்துடும். அதே பாக்ஸ் பெட்ரோல் எஞ்சினோட வந்தா இந்தத் தொல்லை பெருசா இல்ல. ஆகவே பாக்ஸ் மோசம்னு சொல்றது தப்பு. இந்த எஞ்சினோட அதிர்வுக்கு அந்த நட்டு போதலன்னுதான் சொல்லணும்.

அறிகுறி இது: அஞ்சாவதுல மட்டும் ஒரு உறுமல். ஆக்ஸிலேட்டர் விட்டுப் பிடிக்கும்போது கியர் லீவர் முன்ன பின்ன நகரும். அப்புறம் ஒரு நாள் அஞ்சாவது போட்டா நியூட்ரல் மாதிரி எஞ்சின் தனியா ஏறும். ஒண்ணுலேர்ந்து நாலு வரைக்கும் வழக்கம்போல வேலை செய்யும், வண்டி வீடு வந்து சேரும். ஆனா அப்படியே ஓட்டிக்கிட்டே இருக்கக் கூடாது. இளகின நட்டும் இரும்புத் தூளும் உள்ளேயேதான் கிடக்கும்.

நல்ல சேதி, இதுக்கு முழு பாக்ஸையும் இறக்க வேண்டாம். புரொப்பல்லர் ஷாஃப்ட்டைக் கழட்டி, டிரான்ஸ்ஃபர் கேஸை (முன், பின் சக்கரங்களுக்குச் சக்தியைப் பிரிக்கிற பெட்டி) இறக்கி, பின்னாடி அடாப்டர் ஹவுசிங்கை எடுத்தா அஞ்சாவது கியர் கண்ணு முன்னாடி நிக்கும். முதல் வேலை கியரைக் கையால பிடிச்சு ஆட்டிப் பாருங்க. ஸ்ப்லைன் மேல துளி ஆட்டம் இருந்தாலும் ஷாஃப்ட் தேஞ்சு போச்சுன்னு அர்த்தம். தேஞ்ச ஸ்ப்லைன் மேல எவ்வளவு நல்ல நட்டு போட்டாலும் திரும்ப இளகும். அப்ப மெயின் ஷாஃப்ட் மாத்துறது ஒண்ணுதான் வழி, அதுக்குத்தான் பாக்ஸை இறக்கணும். மாத்தும்போது கியர் உக்கார்ற நீளம் முழுக்க ஸ்ப்லைன் வெட்டின ஷாஃப்ட்டா வாங்குங்க, வெளிச்சந்தையில இருக்கு. ஆட்டம் இல்லேன்னா, பழைய நட்டைத் தூக்கிப் போட்டுட்டு, பூட்டு ஸ்க்ரூவோட வர்ற இறுக்கு நட்டு கிட் போட்டாப் போதும். நட்டுக்குத் தனி சாக்கெட் வேணும். உளி வச்சு அடிச்சு இறுக்குறது வேண்டவே வேண்டாம். டார்க் ரெஞ்ச் வச்சு, கிட்டோட வர்ற தாள்ல சொன்ன அளவுக்கு இறுக்குங்க.

விக்கிறவர்கிட்ட கேளுங்க: "அஞ்சாவது நட்டு கிட் போட்டிருக்கா, பில் இருக்கா?" இருந்தா அந்த வண்டிக்குக் கூடுதலாக் கொடுக்கலாம். பில் இல்லேன்னா போடலன்னே வச்சு விலை பேசுங்க.

ஆயில் விஷயத்துல விளையாட வேண்டாம். இதுக்கு 75டபிள்யூ-90 சிந்தெடிக், ஜிஎல்-4 தர கியர் ஆயில். அளவு 4 குவார்ட், சுமார் 3.8 லிட்டர். பக்கத்துக் கடையில கிடைக்கிற ஆக்ஸில் ஆயில் ஜிஎல்-5, அதை ஊத்தினா சின்க்ரோ ரிங்கு (கியர் மாத்தும்போது சுத்துற வேகத்தை ஒத்துப்போக வைக்கிற வளையம்) பிடிக்காது, கியர் நெரிச்சுக்கிட்டுத்தான் விழும்.

இன்னொண்ணு, கியர் பாக்ஸ் சம்பந்தம் இல்லேன்னாலும் சொல்லிடறேன். 12 வால்வு எஞ்சின்ல டைமிங் கேஸ் டவல் பின் (சின்ன இரும்பு முளை) கழண்டு டைமிங் கியர் பல்லுல விழுறது பெரிய ஆபத்து. அதுக்குத் தடுப்புத் தகடு போட்டிருக்கான்னு கேட்டுக்கோங்க.

பனிவீதி:

நான் ரொறன்ரோ பக்கம். குளிருக்குள்ள ஓடுற வாகனம் எண்டபடியால் என்வி5600 பற்றியும் ஜி56 பற்றியும் கொஞ்சம் எழுதுறன்.

என்வி5600 முழு வார்ப்பிரும்புப் பெட்டி. நிறை ஏறக்குறைய 360 பவுண்ட், 160 கிலோவுக்கு மேல. ட்ரான்ஸ்மிஷன் ஜாக் இல்லாமல் இறக்க நினைக்கவே வேண்டாம், ஆளைக் கொண்டுபோயிடும். அந்த நிறைதான் அதின்ர பலம். பாரம் வரேக்க பல்லுகள் ஒண்டை ஒண்டு தள்ளும், ஷாஃப்டுகள் விலகப் பார்க்கும். இரும்புப் பெட்டி அசையாது, பெயாரிங் இருந்த இடத்திலேயே இருக்கும்.

அதின்ர குறை ரெண்டு. ஒண்டு, உற்பத்தி 2005 ஓடை நிண்டுபோச்சு. சின்க்ரோ, சில கியர்கள், ஹவுசிங் எல்லாம் தேடித்தான் எடுக்கவேணும், விலையும் கூட. பெயாரிங்கும் சீலும் கிடைக்கும். அதனால பல்லும் சின்க்ரோவும் நல்லா இருக்கிற பொக்ஸ் எண்டால் எடுக்கலாம். ரெண்டாவது, இவ்வளவு பெரிய பொக்ஸுக்கு ஒயில் கொள்ளளவு 4.5 லிட்டர் மட்டும்தான். கூலரும் இல்லை. நீண்ட ஏற்றத்தில பாரத்தோட போகேக்க ஒயில் நல்லாச் சுடும். ஒயில் குறைஞ்சால் முதல்ல போறது முன்பக்கத்துப் பெயாரிங்குகள். அதனால்தான் கனபேர் பி.டி.ஓ (வேற கருவிக்குச் சக்தி எடுக்கிற இடம்) மூடியின்ர மேல் போல்ட் துளையால ஒரு குவார்ட் அளவு கூட விடுறவை. நானும் அதைத்தான் சொல்லுவன். ஒயில் ரகம் பென்ஸோயில் சின்க்ரோமெஷ், இல்லாட்டி அதுக்குச் சமனான மேனுவல் ட்ரான்ஸ்மிஷன் ஒயில். கியர் ஒயில் 75டபிள்யூ-90 இதுக்கு விடக்கூடாது. குளிரில அது தடிச்சுப் போய், காலமை ரெண்டாவது கியர் விழாது.

மைனஸ் 30இல என்ன ஒயில் விட்டாலும் முதல் பத்து நிமிசம் கியர் இறுக்கமாத்தான் இருக்கும். ஸ்டார்ட் பண்ணி நியூட்ரலில விட்டு, கிளட்சில இருந்து காலை எடுத்து வையுங்கோ. அப்பதான் லே ஷாஃப்ட் சுத்தி ஒயிலைக் கலக்கி இளக்கும். கிளட்சை மிதிச்சுக்கொண்டு நிண்டால் எஞ்சின் மட்டும்தான் சூடேறும், பொக்ஸ் சும்மா நிக்கும். முதல் ரெண்டு கிலோமீற்றருக்கு கியர் மாத்தேக்க நியூட்ரலில ஒருக்கால் கிளட்சை விட்டு மிதிச்சு மாத்துங்கோ. சின்க்ரோவைப் பலவந்தப்படுத்தினால் தேயிறது அதுதான், அதுதான் கிடைக்காத சாமானும்.

ஜி56 மெர்சிடிஸ் பென்ஸ் செய்தது. கம்பெனி விட்டது ஏடிஎஃப்+4, அதாவது ஆட்டோமற்றிக் ஒயில். குளிருக்கு அருமை, கியர் வெண்ணெய் மாதிரி விழும். ஆனால் அது மெல்லிய ஒயில். பாரம் இழுக்கிற ஆக்கள் வாறண்டி முடிஞ்ச பிறகு கொஞ்சம் தடிச்ச மேனுவல் ட்ரான்ஸ்மிஷன் ஒயிலுக்கு மாத்துறது வழமை.

அதில முதல்ல பார்க்கவேண்டியது டூவல் மாஸ் ஃப்ளைவீல். ரெண்டு தட்டு, நடுவில ஸ்பிரிங். எஞ்சின் அதிர்வைப் பொக்ஸுக்குப் போகாமல் விழுங்குறதுக்குத்தான் அது. எஞ்சினுக்குச் சக்தி கூட்டினால், அல்லது பாரத்தோட குறைஞ்ச சுற்றில இழுத்தால், ஸ்பிரிங் அடிமட்டத்துக்குப் போய் அடிபடும். எஞ்சினை நிப்பாட்டேக்க கடகடவெண்டு ஒரு சத்தம் கேட்டால் அதின்ர காலம் முடியுது எண்டு அர்த்தம். மாத்துறது எண்டால் பெரும்பாலும் ஒற்றைத் தட்டு ஃப்ளைவீல்தான் போடுறவை. உறுதி, விலையும் குறைவு. ஆனால் அதோட நடுவில ஸ்பிரிங் உள்ள கிளட்ச் தட்டும் சேர்த்துப் போடவேணும். அப்பிடிப் போட்டாலும் நியூட்ரலில பொக்ஸுக்குள்ள கலகலப்புச் சத்தம் கேக்கத்தான் செய்யும். முந்தி ஸ்பிரிங் விழுங்கின அதிர்வு இப்ப நேர பல்லுக்குப் போகுது. அதைப் பழுது எண்டு பயந்து பொக்ஸைக் கழட்டத் தேவையில்லை.

நேர்கியர்:

ஜி56-ஐ "அலுமினியம்" என்ற ஒரே சொல்லில் தள்ளிவிடுவது நியாயமில்லை. ஃபோர்டு சூப்பர் டியூட்டியிலும் ஜி.எம். டூராமேக்ஸிலும் வந்த இசட்.எஃப். ஆறு கியர் பாக்ஸும் அலுமினியம்தான். அவை வேலை வண்டிகளில் காலம் காலமாக உழைக்கின்றன. அலுமினியத்தின் உண்மையான சிக்கல் சூட்டில் விரிவது. இரும்பைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். பேரிங் உட்காரும் குழி பெரிதாகி, பேரிங்கின் வெளி வளையம் குழிக்குள் சுற்றத் தொடங்கினால் குழியே தேயும். அதற்குப் பிறகு பேரிங் மாற்றுவதால் பயனில்லை, பெட்டி மாற்ற வேண்டும். கம்பெனி டார்க்கில், சூட்டைக் கட்டுப்படுத்தி ஓட்டிய ஜி56-க்கு இந்தக் கதி எளிதில் வராது. எஞ்சினை ட்யூன் செய்து, கனமான கிளட்ச் போட்டு ஓட்டிய ஜி56-ஐ வாங்காதீர்கள்.

கிளட்ச் பற்றி ஒரு வார்த்தை. கம்பெனி கிளட்ச் கியர் பாக்ஸுக்கு ஃபியூஸ் மாதிரி. சுமை மிஞ்சினால் முதலில் அது நழுவும். டூவல் டிஸ்க் கிளட்ச் போட்டு நழுவலை நிறுத்திவிட்டால், அடுத்து விட்டுக்கொடுப்பது இன்புட் ஷாஃப்ட்டோ பேரிங்கோதான். எனவே விளம்பரத்தில் "புது ஹெவி டியூட்டி கிளட்ச்" என்று பெருமையாகப் போட்டிருந்தால், ஏன் போட்டார்கள் என்று கேளுங்கள்.

வடக்குவழி:

மிக்க நன்றி, இவ்வளவு விவரம் எதிர்பார்க்கவில்லை. 2001-ஐ நோக்கிச் சாய்கிறேன். இரண்டு சந்தேகம். அந்த வண்டியில் பின் ஆக்ஸில் விகிதம் 3.54, இன்னொருவரிடம் அதே ஆண்டு 4.10 இருக்கிறது. இழுவைக்கு எது? ஓவர்டிரைவை எப்போது போடலாம், எப்போது கூடாது?

பல்சக்கரம்:

கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். 265/75 அளவு 16 அங்குல டயரின் விட்டம் சுமார் 31.6 அங்குலம். மணிக்கு 105 கிலோமீட்டரில் 3.54 ஆக்ஸில் என்றால் நேர் கியரில் எஞ்சின் 2,450, ஓவர்டிரைவில் (0.73) 1,790. 4.10 என்றால் நேர் கியரில் 2,840, ஓவர்டிரைவில் 2,070. வேகம் 90-க்கு இறங்கினால் 3.54-க்கு 2,100, 1,540; 4.10-க்கு 2,440, 1,780.

3.54 வண்டியில் டிரெய்லரோடு 90-இல் ஓவர்டிரைவ் போட்டால் எஞ்சின் 1,540-இல் இருக்கிறது. அங்கே ஆக்ஸிலேட்டரை அழுத்தினால் டர்போ முழுக் காற்றையும் ஊதி, உச்ச டார்க்குக்குப் பக்கத்தில் நின்று, குறைந்த சுற்றின் முரட்டு அதிர்வோடு இரண்டு ஜோடிப் பல்லின்மேல் சுமையை ஏற்றும். இதைவிட மோசமான கூட்டு இல்லை. என் விதி எளிது: பாரத்தோடு 1,800-க்குக் கீழே ஓவர்டிரைவ் கிடையாது. ஏற்றம் வந்து சுற்று விழ ஆரம்பித்தால், விழும்வரை காத்திருக்காமல் நேர் கியருக்கு இறக்குங்கள். டிரெய்லர் இல்லாத நாளில் ஓவர்டிரைவ் தாராளமாகப் போடலாம். அங்கே சுமை மிகக் குறைவு.

இந்த விதியோடு பார்த்தால் 3.54-ஐ நேர் கியரில் 90 முதல் 100 வரை ஓட்டுவது பாக்ஸுக்கு மிகவும் பாந்தமானது: 2,100 முதல் 2,340 சுற்று, சுமை எந்தப் பல்லிலும் இல்லை. 4.10-இன் சாதகம் கிளம்பும் இடத்தில். ஏற்றத்தில் நின்று எடுக்கும்போது கிளட்ச் குறைவாகவே நழுவ வேண்டியிருக்கும். உங்கள் வேலைத்தளம் செங்குத்தான மண்பாதை என்றால் 4.10. பெரும்பாலும் நெடுஞ்சாலை என்றால் 3.54 போதும், டீசலும் மிச்சம்.

மலைச்சரிவு:

குறுக்கே ஒரு கேள்வி. கோயம்புத்தூரில் ஹைலக்ஸ் பார்த்தேன். அதே 2.8 லிட்டர் எஞ்சின், மேனுவலுக்கு 420 நியூட்டன் மீட்டர், ஆட்டோமேட்டிக்குக்கு 500 என்று போட்டிருக்கிறார்கள். இதுவும் இதே காரணம்தானா? அப்படியானால் ஹைலக்ஸ் மேனுவல் பலவீனமா?

நேர்கியர்:

அதே தர்க்கம்தான், ஆனால் பலவீனம் என்று முடிவு கட்டாதீர்கள். மேனுவலில் எஞ்சினின் அடி கிளட்ச் வழியாக நேரே ஷாஃப்ட்டுக்குப் போகிறது. ஆட்டோமேட்டிக்கில் நடுவில் டார்க் கன்வர்ட்டரின் திரவம் அதை மெத்தென்று வாங்கிக்கொள்கிறது. கியர் எப்போது மாற வேண்டும், மாறும்போது எஞ்சின் எவ்வளவு அடங்க வேண்டும் என்பதையும் கம்ப்யூட்டரே பார்த்துக்கொள்கிறது. மேனுவலில் ஓட்டுநர் எப்படி கிளட்சை விடுவார் என்பது கம்பெனிக்குத் தெரியாது. அதற்கும் சேர்த்துத்தான் வரம்பு வைக்கிறார்கள். 420-க்குள் அந்தப் பாக்ஸ் ஒழுங்காக உழைக்கும். ரீமேப் போட்டு (எஞ்சின் கம்ப்யூட்டரின் புரோகிராமை மாற்றி) 500-க்கு ஏற்றலாமே என்று யாராவது சொன்னால் அந்தப் பக்கம் போகாதீர்கள். அந்த 80 நியூட்டன் மீட்டர் இடைவெளி பாக்ஸின் ஆயுளுக்காக விட்டு வைத்தது.

பட்டறைமணி:

வடக்குவழி சார், வண்டி பாக்கப் போறப்ப இந்த வரிசையில பாருங்க.

போறதுக்கு முன்னாடியே சொல்லிடுங்க, எஞ்சினை ஸ்டார்ட் பண்ணாம ஆறிப்போய் வைக்கச் சொல்லி. பேரிங் சத்தமும் சின்க்ரோ நெரிசலும் ஆறின பாக்ஸ்லதான் நல்லாக் காட்டிக் கொடுக்கும்.

ஸ்டார்ட் பண்ணி நியூட்ரல்ல, கிளட்சை விட்டபடி கேளுங்க. ஒரு இரைச்சல் இருந்து, கிளட்சை மிதிச்சதும் அது நின்னா, இன்புட் பேரிங் இல்லேன்னா லே ஷாஃப்ட் பேரிங். நேர்மாறா, மிதிக்கும்போதுதான் சத்தம் வருதுன்னா ரிலீஸ் பேரிங் இல்லேன்னா பைலட் பேரிங். ரெண்டாவது ரகம் கிளட்ச் வேலையோட முடிஞ்சிடும், ஆனா பைலட் பேரிங் போனபடியே ரொம்ப நாள் ஓட்டியிருந்தா இன்புட் ஷாஃப்ட் மூக்கு தேஞ்சிருக்கும், அதைக் கழட்டினாத்தான் தெரியும். முதல் ரகம்னா பாக்ஸையே பிரிக்கணும், அந்தச் செலவைக் கழிச்சுட்டு விலை பேசுங்க.

ஓட்டும்போது ஒவ்வொரு கியர்லயும் ஒருமுறை அழுத்தி, டக்குன்னு காலை எடுங்க. லீவர் கையை விட்டு நியூட்ரலுக்குக் குதிச்சா பூட்டுப் பல்லு மழுங்கிப் போச்சு. எக்ஸாஸ்ட் பிரேக் (புகைக் குழாயை அடைச்சு வேகத்தைக் குறைக்கிறது) மாட்டின வண்டியா இருந்தா அதையும் போட்டுப் பாருங்க. இறக்கத்துல அது பல்லோட மறுபக்கத்துக்கு முழுச் சுமையும் கொடுக்கும், சாதாரணமா ஒளிஞ்சிருக்குற கோளாறு அங்க வெளிய வரும். மூணாவதுலேர்ந்து ரெண்டாவதுக்கு இறக்கிப் பாருங்க. ரெண்டாவது சின்க்ரோதான் முதல்ல தேயும்.

ஓட்டிட்டு வந்தப்புறம் பாக்ஸோட ஆயிலைப் பாக்கணும். எப்பவும் முதல்ல மேல இருக்கிற ஃபில்லர் பிளக்கைக் கழட்டுங்க, அது திறக்குதுன்னு உறுதி ஆனப்புறம்தான் கீழ டிரெயின் பிளக். மாத்திச் செஞ்சு, கீழ காலி பண்ணினப்புறம் மேல துருப்பிடிச்சுத் திறக்கலன்னா வண்டி அங்கேயே நிக்கும். விரலை விட்டுப் பாருங்க, துளை விளிம்புக்கு ஆயில் நிக்கணும். விக்கிறவர் சம்மதிச்சா ஆயிலை இறக்கிப் பாத்துடுங்க, புது ஆயில் செலவு உங்களோடதுன்னு சொல்லுங்க. காந்தத்துல சாம்பல் நிறத்துல களிம்பு மாதிரி இருந்தா அது சாதாரணத் தேய்மானம். ஊசி ஊசியா, இல்லேன்னா நகம் மாதிரி துண்டு இருந்தா பல்லு இல்லேன்னா பேரிங் உரிஞ்சிருக்கு, வாங்காதீங்க. ஆயில்ல பித்தளை நிறத்துல மினுமினுப்பு தெரிஞ்சா சின்க்ரோ கரையுது. என்வி5600-ல அதைப் பாத்தாலும் விட்டுடுங்க, பனிவீதி சொன்ன மாதிரி அந்தச் சாமானுக்கு அலையணும். கருகின வாசனை அடிச்சா ஆயில் குறைஞ்சு சூடேறி ஓடின பாக்ஸ்.

அப்புறம் ஒண்ணு கேக்கணும். இந்த வண்டியை நாலு சக்கரமும் தரையில ஓடுற மாதிரி வேற வண்டிக்குப் பின்னாடி கட்டி இழுத்துட்டுப் போயிருக்காங்களான்னு. டிரான்ஸ்ஃபர் கேஸை நியூட்ரல்ல போடாம கியர் பாக்ஸை மட்டும் நியூட்ரல்ல விட்டு இழுத்திருந்தா, மெயின் ஷாஃப்ட் சுத்தும், லே ஷாஃப்ட் சுத்தாது. ஆயிலை வாரி அடிக்கிறது லே ஷாஃப்ட்தான். மேல இருக்கிற பேரிங்குக்குச் சொட்டு ஆயில் போகாம மணிக்கணக்காச் சுத்தியிருக்கும்.

2001-ங்கிறதால வி.பி.44 பம்பையும் (எஞ்சினோட டீசல் இன்ஜெக்ஷன் பம்பு), அதுக்கு டீசல் தள்ளுற லிஃப்ட் பம்பு பிரஷரையும் பாத்துடுங்க, அது தனிச் செலவு. வாங்கினதும் முதல் வேலையா பாக்ஸ் ஆயிலை மாத்திட்டு, ஆயிரம் கிலோமீட்டர் இழுத்தப்புறம் திரும்ப இறக்கிக் காந்தத்தைப் பாருங்க. முதல் தடவை வந்தது பழைய சேர்மானமா இருக்கலாம். ரெண்டாவது தடவை காந்தத்துல வர்றதுதான் இப்ப உள்ள நிலைமை.